எம்பசி மாமாவும் ரெண்டு பிடி வெங்காயமும்

எங்கட ஊரில எம்பசி எண்டா விசா. வேற அர்த்தம் இல்லை. பெரியமாமா 1971இல இருந்து 35 வருசம் வெளிநாட்டு வர்த்தகம் எண்டு நாடு நாடா ஓடித்திரிஞ்சு, பென்சன் எடுத்து, கொழும்பில கொஞ்சக்காலம் இருந்து, பேந்து 2015இல உரும்பிராய்க்கே வந்து சேந்திட்டார். இப்பவும் படலையடியில ஆராவது சைக்கிளை நிப்பாட்டிப்போட்டுக் கூப்பிட்டா என்ன கேக்கப்போகினம் எண்டு மாமிக்கு முன்னமே தெரியும். "ஐயா, கனடா எம்பசியில உங்களுக்கு ஆரும் பழக்கமோ?"

மாமாவுக்குக் கோவம் வாறேல்லை, ஒரு மாதிரிச் சிரிப்புத்தான். "என்ர சேர்விஸ் முழுக்க நான் தேயிலையும் றபரும் கால்சட்டையும் கதைச்ச மனிசன், விசா சீல் எந்த லாச்சிக்குள்ள கிடக்கிறதெண்டு கூட எனக்குத் தெரியாது" எண்டுவார். ஆனா வந்தவனைத் திருப்பி அனுப்பமாட்டார். விறாந்தையில இருத்தி, மாமியிட்டச் சொல்லி பிளேன்ரீயும் பனங்கட்டியும் குடுத்து, அவன் கொண்டுவந்த போமை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனையால திருத்திக் குடுப்பார். பிறந்த திகதி ஒரு இடத்தில நாள் முன்னுக்கும் இன்னொரு இடத்தில மாதம் முன்னுக்கும் வந்திருந்தா அதைத்தான் முதல் பிடிப்பார், கண் அப்பிடிப் பழகிப்போச்சு.

இவரைப் பற்றி எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். கேட்டனான், "எழுது, ஆனா பேர் போடாத, என்ர பென்சனையும் போடாத" எண்டவர். சரி எண்டு விட்டிட்டன்.

போன ஞாயிறு சுன்னாகம் சந்தைக்குப் போனனான், வரேக்க ரெண்டு பிடி சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு மாமா வீட்டை போனன். மாமி குசினிக்குள்ள சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறா. மாமா வெங்காயத்தில ஒண்டை ஒடிச்சு, மேல்தோலை நகத்தால உரிச்சு, வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். பாத்திட்டு என்னைக் கேட்டார், "இதுக்கு உலகத்தில என்ன பேர் தெரியுமோ?"

"என்ன மாமா, வெங்காயம்தானே."

"பூச்சியம் ஏழு பூச்சியம் மூண்டு தசம் ஒண்டு பூச்சியம்."

0703.10. சாமான் ஒண்டு ஒரு நாட்டில இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகேக்க அதின்ர பேரை ஒருத்தரும் பாக்கிறேல்லையாம், இலக்கத்தைத்தான் பாக்கிறது. பிரசல்ஸில இருக்கிற சுங்க அமைப்புப் போட்ட புத்தகம், 1988 ஜனவரியில இருந்து நடைமுறையில இருக்கு, உலகத்தில இருக்கிற எல்லாச் சாமானும் அதுக்குள்ள ஆறு இலக்கமா ஒடுக்கியிருக்கு. அதில நாசிக்கில இருந்து மூட்டையில வாற பெரிய வெங்காயத்துக்கும் எங்கட செம்மண்ணில விளையிற சின்ன வெங்காயத்துக்கும் ஒரே இலக்கம். ஆறுக்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன்ர பாட்டில இன்னும் இலக்கம் சேர்த்துப் பிரிக்கலாம், அங்கதான் ரெண்டும் பிரியும். "தமிழில எழுதுற வரிக்கும் கட்டுற வரிக்கும் ஒரே சொல்லு பார், என்ர உத்தியோகம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கிப்போச்சு, எந்த வரியில எழுதுறது, அதுக்கு எவ்வளவு வரி" எண்டார்.

மாமி துருவலையை நிப்பாட்டாமச் சொன்னா, "அப்ப பிரசல்ஸ்காரரைப் பெரிய வெங்காயத்தில ஒருக்காச் சொதி வச்சுக் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

மாமாவின்ர வேலை என்னெண்டு எனக்கே நாப்பது வயசுக்குப் பிறகுதான் உண்மையா விளங்கினது. எம்பசிக்குள்ள ரெண்டு சாதியாம். ஒண்டு வெளிநாட்டமைச்சு ஆக்கள், 1949இல தொடங்கின சேவை, கொடி, விருந்து, அரசியல் எல்லாம் அவையின்ர. மற்றது வர்த்தகத் திணைக்களத்தில இருந்து போற ஆக்கள். இவைக்குக் கண்காட்சியில தேயிலைச் சாம்பிள் பரப்பி வைக்கிறது, கறுவா வாங்க வந்தவனுக்கு ஏற்றுமதியாளரின்ர விலாசம் தேடிக் குடுக்கிறது, துறைமுகத்தில மறிச்சு வச்சிருக்கிற கொண்டெயினருக்குப் போய் நிண்டு கதைக்கிறது, மாசா மாசம் கொழும்புக்கு சந்தை அறிக்கை எழுதுறது. "நான் சூட் போட்ட சந்தைத் தரகன், வேற என்ன" எண்டு மாமா தன்னைத்தானே சொல்லுவார். விருந்துகளில சாப்பாட்டு மேசையில எங்க இருத்தினம் எண்டதிலயே எந்தச் சாதி எண்டு தெரிஞ்சிடுமாம்.

ஆனா பட்டம் மட்டும் பெரிசு. தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில இவருக்குப் பதவி உயர்வு கிடைச்சு "மினிஸ்டர்" எண்டு போட்டுக் கடிதம் வந்தது. அது ராஜதந்திரிகளுக்குள்ள ஒரு தரம், தூதுவருக்குக் கீழ வாறது. கடிதம் ஊருக்கு வந்து சேரவே மாசக்கணக்கு, அந்த நேரத்துப் பாதை அப்பிடி. அம்மம்மா அந்த ஒரு சொல்லைப் பிடிச்சிட்டா. என்ர மோன் மந்திரியாயிட்டான் எண்டு பிள்ளையாருக்குப் பொங்கல் வச்சு அயலுக்கெல்லாம் குடுத்தா. அம்மா எவ்வளவோ விளங்கப்படுத்தினவவாம், "அது வேற மினிஸ்டர் அம்மா" எண்டு. "என்ன வேற, மந்திரி எண்டா மந்திரிதான், எந்த நாட்டு மந்திரியெண்டாலும் எனக்குக் காணும்" எண்டிட்டா கிழவி. நானும் அந்தப் பொங்கல் சாப்பிட்ட ஆள்தான்.

மாமா வேலைக்குச் சேந்த காலத்தில பழைய ஆக்கள் பந்தி பந்தியாச் சொல்லுற கதை ஒண்டு இருந்ததாம், சீனாவோட போட்ட றபர்-அரிசி ஒப்பந்தம். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு வரியில முடிஞ்சுபோன விசயம். கொரியா யுத்தம் நடக்கேக்க றபர் விலை வானத்துக்குப் போய் பேந்து விழத் தொடங்கீட்டுது, அரிசி விலையோ ஏறிக்கொண்டே போகுது, நாட்டில அரிசி இல்லை. அந்தப் பக்கம் சீனாவுக்கு றபர் இல்லை, ஏனெண்டா 1951இல ஐநா அதுக்குத் தடை போட்டிட்டுது. இலங்கை அப்ப ஐநாவில உறுப்பினர் இல்லை, 1955இலதான் சேர்த்தவை, அதால அந்தத் தடை எங்களைக் கட்டாது எண்டு ஆரோ மூளைசாலி கண்டுபிடிச்சிருக்கிறான். 1952 டிசம்பர் 18ஆம் திகதி பீக்கிங்கில கைச்சாத்து, வர்த்தக மந்திரியா இருந்த ஆர்.ஜி. சேனாநாயக்க போனவர். வருசத்துக்கு 50,000 தொன் றபர் அங்க போகும், 2,70,000 தொன் அரிசி இஞ்ச வரும், அஞ்சு வருசத்துக்கு. றபருக்கு உலகச் சந்தை விலையை விடக் கூட. அமெரிக்காக்காரன் கோவிச்சு உதவியை மறிச்சுப்போட்டான். இதில மாமாவுக்குப் பிடிச்ச இடம் எதெண்டா, அப்ப கொழும்பில சீன எம்பசியும் இல்லை, பீக்கிங்கில எங்கட எம்பசியும் இல்லை. ரெண்டும் 1957இலதான் வந்தது. "எம்பசியே இல்லாமச் செய்த வியாபாரம்தான் முப்பது வருசம் ஓடினது, எம்பசி வச்சுச் செய்த கனக்க ஒரு வருசமும் ஓடேல்லை" எண்டு சொல்லிச் சிரிப்பார்.

ஜெனீவாவுக்கு 79இல போனவர். அங்கதான் மனிசன் உருப்பட்டதோ பழுதாப்போனதோ. ஏரிக்கரையில காட், அதாவது சுங்க வரிக்கும் வர்த்தகத்துக்குமான உலகப் பொது ஒப்பந்தத்தின்ர கந்தோர், மேட்டில பழைய சர்வதேச சங்கத்துக் கட்டடத்துக்குள்ள அங்க்டாட், ஐநாவின்ர வர்த்தக, அபிவிருத்தி அமைப்பு. இலங்கை காட் ஒப்பந்தத்தில 1948இலேயே சேந்த நாடு, ஆரம்ப உறுப்பினர் 23இல ஒண்டு, அதால கதிரை இருக்கு, மேசையில பேர்ப்பலகையும் இருக்கு. ஆனா உண்மையான கதை கதைக்கிறது அந்த மண்டபத்தில இல்லையாம், பணிப்பாளர் நாயகத்தின்ர அறைக்குள்ள, அதைப் பச்சை அறை எண்டு சொல்லுறவை, பெரிய நாடுகள் கொஞ்சப்பேரைக் கூப்பிட்டு வச்சுக் கதைச்சு முடிச்சுப்போட்டு வெளியில வருவினம். மாமா மாதிரி ஆக்கள் வெளியில கோப்பிக் கப்போட நிண்டு வாறவன்ர முகத்தைப் பாத்து என்ன நடந்திருக்கும் எண்டு ஊகிக்கிறது. "மாப்பிள்ளை வீட்டில கதைச்சு முடிச்சுப்போட்டுச் சொல்லியனுப்புற மாதிரி" எண்டார்.

அங்க படிச்ச பெரிய வித்தை சதுர அடைப்பாம். பேச்சுவார்த்தைக்கு வைக்கிற எழுத்தில ஒரு நாட்டுக்கு ஒரு சொல்லு பிடிக்கேல்லை எண்டா அதை வெட்டுறேல்லை, சதுர அடைப்புக்குள்ள போடுறது. அதாவது இது கிடக்கு, ஆனா இன்னும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்லை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இருந்து ஒரு அடைப்பை எடுப்பினமாம், விடிஞ்சு வந்து பாத்தா வேற நாடு ரெண்டு புது அடைப்புப் போட்டிருக்கும். "ஷல்" எண்டு போடுறதோ "ஷுட்" எண்டு போடுறதோ எண்டு ஒரு கிழமை. ஒண்டு செய்தே ஆகவேணும், மற்றது செய்தா நல்லம். ஒரு சொல்லுக்குள்ள ஒரு நாட்டின்ர ஏற்றுமதி கிடக்கு எண்டுவார், நான் முதல் நம்பேல்லை.

பேந்து காட் ஒப்பந்தத்தின்ர நாலாம் பகுதியைப் பாடமா ஒப்புவிச்சார், அறுபதுகளில ஏழை நாடுகளுக்கெண்டு சேர்த்த பகுதி, 37ஆம் உறுப்புரை. முன்னேறின நாடுகள் தங்களால இயன்ற உச்ச அளவுக்குச் செய்யும். அங்க நிப்பாட்டியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். நிப்பாட்டேல்லை. அதாவது, வலுவான காரணங்கள், சட்டக் காரணங்களும் அதுக்குள்ள அடங்கலாம், செய்ய ஏலாமப் பண்ணினாலொழிய. முதல் சொல்லு "ஷல்"தான், வேண்டிக் குடுத்தாச்சு, பின்னால ஒரு வண்டில் போற அளவுக்கு ஓட்டை. "கலியாணத்துக்குக் கட்டாயம் வாறன், மழை கிழை வராட்டி, சுகமில்லாமக் கிடக்காட்டி, ஆரும் வேற சொல்லாட்டி, இதுதான் அது" எண்டார்.

அந்தக் காலத்தில அங்க்டாட்டுக்குச் செயலாளர் நாயகமா இருந்தது எங்கட நாட்டு கமனி கொரயா, 1974இல இருந்து 84 வரைக்கும். இளம் ஆளா அந்த மண்டபத்துக்குள்ள இருந்துகொண்டு மேல மேடையில எங்கட நாட்டு மனிசன் இருந்து உலகத்துக்கே கதைக்கிறதைப் பாக்க நெஞ்சு நிமிந்ததாம். அவற்ற பெரிய கனவு, தேயிலை, றபர், கொக்கோ, கோப்பி மாதிரிச் சாமான்களின்ர விலை விழாம இருக்கப் பொது நிதியம் ஒண்டு, விலை விழேக்க வாங்கி அடுக்கி வைக்கிறது, ஏறேக்க விக்கிறது. எங்கட தோட்டக்காரர் வெங்காயத்தைக் கட்டி வீட்டுப் பறணில தொங்க விடுறவை எல்லோ, அதே யோசினைதான், உலக அளவில. 1976இல நைரோபியில பிரேரணை, 1980இல ஒப்பந்தம், போதுமான நாடுகள் அதை ஏற்று உறுதிப்படுத்தி நடைமுறைக்கு வர 1989 ஆகீட்டுது. அதே 89இல கோப்பி ஒப்பந்தத்தின்ர கோட்டா முறையே உடைஞ்சுபோச்சு. பறண் கட்டி முடியேக்க வெங்காயம் அழுகீட்டுது.

இனி அம்மப்பாவின்ர கதை. உதை நான் எழுதலாமோ எண்டு கேட்டனான், மாமா ஒண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.

1970இல இருந்து 77 வரைக்கும் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளியில இருந்து மிளகாயும் வெங்காயமும் வராது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது ஒரு பொற்காலம், இஞ்ச வயசானவை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். இளம் பொடியள் விசுவமடு, முத்தையன்கட்டு எண்டு போய்க் காடு வெட்டி மிளகாய் போட்டாங்கள். எங்கட கல்வீடு, இப்ப மாமா இருக்கிற இந்த வீடு, வெங்காயக் காசிலயும் மிளகாய்க் காசிலயும் கட்டினது. துலா போய் மிசின் வந்ததும் அப்பதான். லொறி வந்து தோட்டத்துக்குள்ளயே நிண்டு ஏத்திக்கொண்டு போகும். மாமாவை கம்பசுக்குப் படிப்பிச்சது அதுக்கு முந்தின போயிலைக் காசு, அம்மாவுக்குச் சீதனம் குடுத்தது வெங்காயக் காசு. (சீதனம் எண்டதை எழுதினதுக்கு அம்மா பேசுவா, பரவாயில்லை.)

பேந்து 77 யூலையில ஆட்சி மாறினது, நவம்பர் பட்ஜெட்டோட கதவைத் திறந்து விட்டிட்டினம். கொழும்பில கடைகள் நிரம்பி வழியுது, சனம் சந்தோசத்தில. அடுத்தடுத்த போகங்களில இஞ்ச வெங்காயத்தின்ர விலை என்னாச்சு எண்டு சொல்லத் தேவையில்லை. மாமா அந்த நேரம் எங்க? கொழும்பில, வர்த்தகத் திணைக்களத்தில, அந்தக் கோவைகள் போய் வாற மேசைகளில ஒண்டில. சின்ன உத்தியோகத்தர், முடிவெடுக்கிற ஆள் இல்லை, ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ளதான்.

அம்மப்பா ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு பக்கக் கொப்பித்தாள், ஊதா மை. மாமா அதை இப்பவும் வச்சிருக்கிறார், பழைய சுங்க வரிப் புத்தகம் ஒண்டுக்குள்ள, மடிச்ச இடம் பிஞ்சு செலோரேப் ஒட்டியிருக்கு, அந்த ரேப்பும் மஞ்சளாப்போச்சு. போன ஞாயிறுதான் எனக்கு முதல்முறையா வாசிக்கத் தந்தவர். சுகம் விசாரிப்பு, மாடு கண்டு போட்டது, பெரியம்மாவின்ர முழங்கால் நோ, கோயில் திருவிழா, எல்லாம் எழுதி கடைசியா, "வெங்காயம் வித்த காசு மிசினுக்கு மண்ணெண்ணை அடிக்கவும் காணாது. உங்கட கந்தோரில உதைப் பற்றி ஆரும் கதைக்கிறவையோ தம்பி" எண்டு. அவ்வளவுதான். குறை சொல்லேல்லை, பேசேல்லை.

"என்ன மறுமொழி எழுதினீங்கள்?"

"மூண்டுதரம் எழுதிக் கிழிச்சனான். பேந்து மணியோடர் அனுப்பினனான்."

எனக்கு மாமாவில கொஞ்சம் கோவம் வந்தது உண்மை. கேட்டும்விட்டன், நீங்கள் உள்ளுக்குள்ள இருந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே எண்டு. அவர் நியாயப்படுத்தவுமில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. "74இல கொழும்பில பாணுக்கு விடிய நாலு மணிக்குக் கியூவில நிண்டவனிட்டப் போய், எங்கட அப்புவின்ர வெங்காயத்துக்காக இன்னும் கொஞ்சம் நில்லு எண்டு சொல்லேலுமோ? அவனுக்கும் வயிறு இருக்கு. ஒருத்தனுக்குக் கதவு, மற்றவனுக்கு வேலி. கதவைக் கழட்டினா வேலியும் போகும்" எண்டார். யோசிச்சுப் பாத்தா அதுவும் சரிதான், ஆனா முழுக்கச் சரி இல்லை எண்டு எனக்கு இப்பவும் படுது. படிப்படியாத் திறந்திருக்கலாம், அறுவடை நேரத்தில மட்டும் வரி கூட்டியிருக்கலாம், இப்ப செய்யினம்தானே, விசேட பண்ட அறவீடு எண்டு 2007இல சட்டம் கொண்டுவந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய்க்கெல்லாம் கசெற் அடிச்சு ராத்திரியோட ராத்திரியா ஏத்தி இறக்கினம். 1994இல, காட்டுக்குப் பிறகு உலக வர்த்தக அமைப்பை உண்டாக்கின மராகேஷ் ஒப்பந்தத்துக்கு அட்டவணை தயாரிக்கேக்க விவசாயப் பொருளுக்கு 50 வீதம் வரைக்கும் வரி போடலாம் எண்டு இலங்கை உச்ச வரம்பு எழுதிக் குடுத்தது, அந்த வேலையில மாமாவும் ஒரு மூலையில இருந்தவர். அந்த 50ஐ ரைப் அடிச்சு வந்த தாளில பாக்கேக்க அப்புவின்ர ஊதா மை ஞாபகம் வந்தது எண்டு மட்டும் சொன்னார். அம்மப்பா அதுக்கு முதலே போயிட்டார்.

கால்சட்டைக் கதையும் சொல்லவேணும், ஏனெண்டா இவர் கூட நாள் செய்த வேலை அது. 1974இல இருந்து உலகத்தில உடுப்பு வியாபாரம் கோட்டாவிலதான், எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தினை டசின் அனுப்பலாம் எண்டு ரெண்டு ரெண்டு நாடா இருந்து பேசி எழுதுறது. அமெரிக்காவின்ர பட்டியலில 340 எண்டா ஆம்பிளையளின்ர பருத்திச் சேட், 347, 348 பருத்திக் கால்சட்டை. மாமாவுக்கு இண்டைக்கும் ஆராவது சேட் போட்டுக்கொண்டு வந்தா மனசுக்குள்ள அந்த இலக்கம் ஓடுமாம். கட்டுநாயக்காவில 78இல சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது எங்கட பிள்ளையள் நல்லாத் தைக்கினம் எண்டதால மட்டும் இல்லை, கொங்கொங் மாதிரி இடங்களுக்குக் கோட்டா நிரம்பீட்டுது, எங்களிட்டக் கோட்டா சும்மா கிடந்தது, அதைத் தேடித்தான் கனபேர் வந்தவை. ஆரோ எங்களைக் கட்டிப்போடப் போட்ட கயிறு எங்களுக்கே ஏணியாப்போச்சு. 2005 ஜனவரி முதலாம் திகதியோட கோட்டா முழுக்க முடிஞ்சுது. எல்லாரும் எங்கட கார்மென்ற் செத்துப்போகும் எண்டினம், சாகேல்லை. கிளிநொச்சியிலயும் இண்டைக்குப் பஸ் வச்சுப் பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறாங்கள்.

83க்குப் பிறகு இவரிட்ட ஊராக்கள் கேட்ட கேள்வி வேற. எப்பிடி உங்களால அந்த அரசாங்கத்துக்காகப் போய்க் கதைக்கேலுது எண்டு. நேர கேட்டவையும் இருக்கினம், கேக்காமக் கதையை நிப்பாட்டினவையும் இருக்கினம். மாமா இதைப் பற்றிப் பெரிசாக் கதைக்கமாட்டார். ஒருக்கா மட்டும் சொன்னவர். தொண்ணூறுகளில ஜெனீவாவுக்குக் கூட்டம் ஒண்டுக்குப் போயிருக்கேக்க, ஐநா வாசலடியில எங்கட சனம் கொடியும் பதாகையுமா நிக்குது, நல்ல குளிர், மழைத்தூறல். இவர் உள்ளுக்குள்ள இருந்து கோட்டும் கழுத்துப் பட்டியும் பெயர்ப்பட்டியுமா வாறார். முன் வரிசையில நிண்ட ஒருத்தர் இவரோட எஸ்.எஸ்.சி. படிச்சவர், ஒரே வாங்கில இருந்தவர். ரெண்டுபேரும் கண்டிட்டினம். அந்த ஆள் ஒண்டும் சொல்லேல்லை, பதாகையைக் கொஞ்சம் பதிச்சுப் பிடிச்சாராம், இவற்ற முகம் தெரியிறதுக்கோ தன்ர முகம் தெரியிறதுக்கோ தெரியாது. இவர் கையைக் காட்டுவமோ எண்டு யோசிக்க முதல் பஸ் வந்திட்டுது.

"நான் ட்ரேட் செக்சன் எண்டு கத்தியிருக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணாடியைத் துடைச்சார். பகிடி மாதிரித்தான் சொன்னவர்.

விசாப் பக்கமே போகாத மனிசன் ஒரேயொருக்கா அந்த வேலை செய்தது 1990இல. ஓகஸ்ற் ரெண்டாம் திகதி ஈராக் குவைத்துக்குள்ள போனது, அங்க வீட்டு வேலைக்கு நிண்ட எங்கட நாட்டுப் பொம்பிளையள் பாஸ்போட்டும் இல்லாம, ஏனெண்டா அது முதலாளிமாரின்ர அலுமாரிக்குள்ள, பாலைவனத்தால ஜோர்தான் எல்லைக்கு வந்து சேந்தவை. ஆள் காணாது எண்டு வர்த்தகம், தேயிலை எண்டிருந்த இவரையும் பிடிச்சு அனுப்பிப்போட்டினம். கூடாரம், வெக்கை, தண்ணி வண்டிக்குப் பின்னால ஓடுற சனம். ஒரு மடக்கு மேசை, ஒரு சீல், ஒரு கொப்பி. பேர், ஊர், தேப்பன் பேர். காலிப் பிள்ளை, குருநாகல் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை எல்லாம் ஒரே வரிசை. ஒரு பிள்ளை கையில ஒண்டுமே இல்லை, ஒரு தேயிலைப் பெட்டி மட்டும் வச்சிருந்ததாம், எங்கட நாட்டுப் படம் போட்டது, அதைத்தான் தான் இந்த நாட்டு ஆள் எண்டதுக்கு அத்தாட்சியாக் காட்டினதாம். மாமா கொப்பியில எழுதினார், சீல் குத்தினார்.

பேந்து ஜெனீவாவில நட்டஈட்டு ஆணைக்குழு வந்து, அப்பிடி ஓடிவந்தவைக்கு ஆளுக்கு 2,500 டொலர் இல்லாட்டி 4,000 டொலர் குடுத்தவை. அந்தக் காசில வீடு கட்டினவை கனபேர். மாமாவின்ர கவலை என்னெண்டா அண்டைக்கு அந்த வெக்கைக்குள்ள தான் எழுதின பேர்களில எத்தினை எழுத்து மாறிப்போச்சோ, ஒரு எழுத்தால ஆருக்கும் காசு கிடைக்காமப் போச்சோ எண்டு. படலையடியில வாறவன்ர போமை ஏன் அப்பிடிப் பாக்கிறார் எண்டு எனக்கு அப்பதான் பிடிபட்டது.

இந்தியாவோட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில கைச்சாத்து, 2000 மார்ச்சில நடைமுறை. அதுக்கு இஞ்சால விட்டுக்குடுக்கமாட்டம் எண்டு எங்கட பக்கம் வச்ச பட்டியலில 1,180 சாமான் இலக்கம், அவை வச்சது 429. மாமா இதைச் சொல்லேக்க ஒரு பெருமை இருக்கும், கடைசியில நாங்களும் பெரிய ஆளோட இருந்து எங்கட வேலியைக் கட்டினம் எண்டு. ஆனா ஒப்பந்தம் ஓடத் தொடங்கினவுடன இஞ்ச வந்து வனஸ்பதி பக்ரறியும் செம்பு பக்ரறியும் போட்டது இந்தியாக்காரர்தான், இஞ்ச செய்து அங்கயே திருப்பி அனுப்ப, பிறகு அங்கத்தைய ஆக்கள் கத்த, கட்டுப்பாடு வந்து, பக்ரறி பூட்டு. "வேலி போட்டாலும் பொட்டுக்குள்ளால முதல் பூருறது பக்கத்து வளவுக் கோழிதான்" எண்டது மாமி. இவவுக்கு எல்லாம் தெரியும், முப்பது வருசம் சாப்பாட்டு மேசையில கேட்டுக்கொண்டிருந்தவ.

சொல்ல மறந்திட்டன், மாமா இப்பவும் சந்தை அறிக்கை எழுதுறார். சீஆர் கொப்பியில. கொழும்புக்கு எழுதிப் பழகின கை, நிப்பாட்ட ஏலாது எண்டுவார், ஆரும் வாசிக்கிறேல்லை, முந்தியும் வாசிச்சவையோ தெரியாது. திகதி, மழை, சுன்னாகத்தில சின்ன வெங்காயம் கிலோ என்ன விலை, பெரிய வெங்காயம் என்ன விலை, இந்தியாவில என்ன நடந்தது. 2023 டிசம்பரில இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்ததில இருந்து அடுத்த வருசம் மே மாசம் எடுத்தது வரைக்கும் பக்கம் பக்கமா எழுதியிருக்கு, சிவப்புப் பேனையால அடிக்கோடு வேற. நாசிக்கில ஒரு கதவைப் பூட்ட இஞ்ச தோட்டக்காரன் கொஞ்சம் மூச்சு விட்டதும் அதில இருக்கு, வாங்கிற சனம் திட்டினதும் இருக்கு.

போன ஞாயிறும் கொப்பியைத் திறந்து வச்சுக்கொண்டு என்னைக் கேட்டார், "என்ன விலைக்கு வாங்கினனீ?"

சொன்னன்.

மாமா பேனையைத் தூக்கிப் பிடிச்சபடி என்னைப் பாத்தார். மாமி குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தா. "சுன்னாகத்தில தானே வாங்கினனீ, வேற எங்கயும் இல்லையே?" எண்டார். ஓம் எண்டன். "நடுவில நிக்கிற வியாபாரியிட்டயோ, தோட்டக்காரனிட்டயோ?" எனக்கு என்ன தெரியும், வாசலுக்குக் கிட்ட இருந்த மனிசியிட்ட வாங்கினனான்.

ஒண்டும் சொல்லேல்லை. நான் சொன்ன விலையை எழுதினார். எழுதிப்போட்டு, ரெண்டு பக்கமும் சதுர அடைப்புப் போட்டார். பேந்து போனை எடுத்து, ஒவ்வொரு நாளும் விடியச் சந்தைக்குப் போற முன்வீட்டு அண்ணைக்கு அடிக்கத் தொடங்கினார்.